காணாமல் போன 52 ஜிபி

இரவு பத்தரைக்குப் போன் வந்தது. "சார், டேட்டாபேஸ் நின்னுடுச்சு. டிஸ்க் ஃபுல்லுன்னு சொல்லுது. ஆனா நான் எண்ணிப் பார்த்த வரைக்கும் பாதிகூட நிரம்பலை." ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர் அது. அழைத்த தம்பி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் குரலில் இருந்த பதற்றத்தைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுந்து உட்காரவைத்தது. டிஸ்க் நிரம்புவது அன்றாடம் நடப்பது. பாதி காலியாக இருக்கும் டிஸ்க் இடமில்லை என்று கைவிரித்தால் எங்கோ ஒரு கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சர்வருக்குள் நுழைந்து முதலில் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். மொத்தம் 98 ஜிபி, செலவானது 93, மீதி சுழியம், நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது என்றது. 98இல் 93 போனால் 5 மிஞ்ச வேண்டுமே என்று தோன்றும். அதற்கும் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். அடுத்து டியூ. ரூட் எனப்படும் நிர்வாகி அதிகாரத்தோடு, இந்த ஒரு பகிர்வைத் தாண்டி வெளியே போகாதே என்ற நிபந்தனையோடு, உச்சி அடைவிலிருந்து எல்லாக் கோப்புகளையும் கூட்டச் சொன்னேன். சில நிமிடம் ஓடிவிட்டு 41 ஜிபி என்றது. தம்பி சொன்னது சரிதான். ஒரு கணக்கில் 93, இன்னொரு கணக்கில் 41. நடுவே 52 ஜிபியைக் காணவில்லை.

இந்த இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே வயது. பெல் ஆய்வகத்தில் 1971 நவம்பரில் அச்சான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இரண்டும் இருக்கின்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்தும் இரண்டும் கேட்கும் கேள்வி வேறு. டிஎஃப் எந்தக் கோப்பையும் திறந்து பார்ப்பதில்லை. கோப்பு முறைமை டிஸ்க்கைச் சம அளவுத் துண்டுகளாக, பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பிளாக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. எத்தனை பிளாக் காலி என்ற எண் எப்போதும் அதன் கையில் இருக்கும். டிஎஃப் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி நம்மிடம் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது.

டியூ அப்படியல்ல. அது வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளர். அடைவுக்குள் அடைவாக இறங்கி, கண்ணில் படும் ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, நீ எத்தனை பிளாக் வைத்திருக்கிறாய் என்று கேட்டுக் கூட்டிக்கொண்டே போகும். ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் இருந்தால் இருமுறை எண்ணிவிடாதபடி நினைவிலும் வைத்துக்கொள்ளும். அத்தனை கவனமான ஆள்தான். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத வீட்டின் கதவை அதனால் தட்ட முடியாது.

ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகப் பேரேட்டில் ஊர் நிலம் முழுக்கப் பட்டா ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறது. தெருத்தெருவாகப் போய் வந்தவரோ பாதி நிலத்துக்குத்தான் சொந்தக்காரர் தெரிகிறார் என்கிறார். இருவரும் நேர்மையானவர்கள் என்றால் ஒன்றுதான் மிஞ்சும்: கணக்கெடுப்பவர் எட்ட முடியாத வீடுகள் ஊரில் இருக்கின்றன. டிஎஃப் எண் டியூ எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அந்த வித்தியாசமே முதல் துப்பு. பெயரில்லாமல் வாழும் கோப்பு இருக்கலாம். அல்லது பெயர் இருந்தும் அதற்குப் போகும் வழி மூடப்பட்டிருக்கலாம். அன்றிரவு இரண்டுமே இருந்தன.

பெயரில்லாத கோப்பு என்றால் என்ன? இதைப் புரிந்துகொள்ள, நாம் கோப்பு என்று நினைப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குக் கோப்பே அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது ஒரு முடிவெடுத்தார்கள். கோப்பின் பெயரையும் கோப்பையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். கோப்பு என்பது ஐனோடு எனப்படும் ஒரு சிறு பதிவேடு. அதில் உரிமையாளர் யார், அளவு என்ன, எப்போது மாறியது, எந்தெந்த பிளாக்கில் உள்ளடக்கம் கிடக்கிறது என்று எல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. பெயர் இருக்கும் இடம் அடைவு. அடைவு என்பது பெயரும் ஐனோடு எண்ணும் எதிரெதிரே எழுதிய பட்டியல். பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி. ஐனோடு என்பதில் வரும் 'ஐ' எதைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் ரிட்சியிடம் கேட்டபோது, தனக்கும் உறுதியாகத் தெரியவில்லை, இண்டெக்ஸ் என்பதாக இருக்கலாம் என்றார்.

இந்தப் பிரிவினையால் ஒரே ஐனோடுக்கு இரண்டு, மூன்று, நூறு பெயர்கள்கூட இருக்கலாம். எனவே ஒவ்வொரு ஐனோடும் தனக்கு எத்தனை பெயர் என்ற எண்ணிக்கையைச் சுமந்துகொண்டிருக்கிறது. இங்கேதான் நாம் 'டெலீட்' என்று சொல்லும் செயலின் உண்மையான முகம் தெரிகிறது. யூனிக்ஸ் மரபில் கோப்பை அழி என்று கெர்னலிடம் சொல்லும் கட்டளையே கிடையாது. இருப்பது அன்லிங்க், அதாவது இந்தப் பெயருக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்துவிடு. ஆர்எம் கட்டளை செய்வது இதைத்தான். பெயர் போகும், எண்ணிக்கையில் ஒன்று குறையும். எண்ணிக்கை சுழியத்தைத் தொட்டால், கோப்பு இறப்பதற்கு ஒரு நிபந்தனை நிறைவேறிவிட்டது.

இன்னொரு நிபந்தனை மிச்சமிருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் எதுவும் இருக்கக்கூடாது. யாராவது திறந்து வைத்திருந்தால் கெர்னல் ஐனோடைத் தொடாது; பிளாக்குகளையும் விடுவிக்காது. பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைத்தவரை எழுப்பக்கூடாது என்று நம் வீடுகளில் ஒரு மரியாதை இருக்கிறதே, கெர்னலிடம் இருப்பதும் அதுதான். வாசலில் வைத்த பட்டியலிலிருந்து பெயரை அடித்தாலும் உட்கார்ந்தவர் சாப்பிட்டு முடித்துத் தானாக எழும்வரை இலை அவருடையது. டிஎஃப் இலைகளை எண்ணுகிறது. டியூ வாசல் பட்டியலைப் படிக்கிறது.

இது ஏதோ கவனக்குறைவால் விட்டுப்போன ஓட்டை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யூனிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோப்புகளை அது ஓடும்போதே புதுப்பிக்க முடிவது இதனால்தான். பழைய நூலகக் கோப்பின் பெயரை நீக்கிவிட்டுப் புதியதை அதே பெயரில் வைக்கலாம். பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம் அதனோடேயே நிம்மதியாக ஓடும், அடுத்து தொடங்குவது புதியதை எடுத்துக்கொள்ளும். தற்காலிகக் கோப்புகளுக்கும் இதுவே காப்பு. மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்கள் பெரிய வரிசையாக்கத்துக்குத் தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அதன் பெயரை நீக்கிவிடுகின்றன. பிறகு நடுவழியில் செத்தாலும் குப்பை மிஞ்சாது. டேட்டாபேஸ் ஒரு கனமான வினாவைச் செய்துகொண்டிருக்கும்போது டிஸ்க் மளமளவென்று நிரம்பி, முடிந்ததும் சட்டென்று காலியாவதைப் பார்த்து மிரண்டவர்கள் உண்டு. நடந்தது இதுதான்.

சரி, என் சர்வருக்கு வருகிறேன். பெயரில்லாத கோப்புகளைக் கண்டுபிடிக்க அவற்றை வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை, எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பட்டியலிடும். பெயர் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போனவற்றை மட்டும் காட்டு என்று அதனிடம் சொல்ல முடியும். ரூட்டாகக் கேட்பது முக்கியம். சாதாரணப் பயனராகக் கேட்டால் உங்கள் புரோகிராம்களை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றைப் பற்றி மௌனம் காக்கும். சில வரிகள் வந்தன. பெரும்பாலானவை சில கிலோபைட். ஒன்று மட்டும் 38 ஜிபி. ஒரு ஜாவா புரோகிராமின் லாக் கோப்பு, பாதையின் இறுதியில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்போடு.

"இந்த லாக்கை யாராவது அழிச்சீங்களா தம்பி?"

"மூணு வாரம் முன்னாடி நான்தான் சார் அழிச்சேன். அப்போ ஆறு ஜிபிதான் இருந்தது. அதுக்கப்புறம் அந்த ஃபோல்டர்ல லாக்கே வரலை. பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு நினைச்சேன்."

அவர் நினைத்ததில் தவறே இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் அந்த மூன்று வாரமும் புரோகிராம் தன் கையில் இருந்த கோப்பில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குப் பெயர் தேவையில்லை. திறக்கும்போது ஒருமுறைதான் பெயரைச் சொல்லிக் கேட்கும். அதன்பின் கெர்னல் கொடுத்த ஓர் எண், மூன்றோ ஏழோ பதினொன்றோ, அதுதான் பிடிமானம். ஆறு ஜிபியாக இருந்தபோது பெயரை இழந்த கோப்பு, யாரும் பார்க்காத இடத்தில் 38 ஜிபியாக வளர்ந்திருந்தது. லாக்கைச் சுழற்சியில் மாற்றும் லாக்ரொடேட் போன்ற கருவிகள் பழைய கோப்பின் பெயரை மாற்றியதும் புரோகிராமுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பி, புதிய கோப்பைத் திறந்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான். அந்தச் சமிக்ஞை வரி அமைப்புக் கோப்பில் விட்டுப்போனால் புரோகிராம் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும்; அந்தக் கோப்பு நீக்கப்பட்ட பிறகும் பெயரில்லாமல் வளர்ந்துகொண்டே போகும்.

இடத்தை மீட்க எளிய வழி அந்தப் புரோகிராமை மூடித் திறப்பது. மூடியதும் கடைசிப் பிடி விடுபட்டு, பிளாக்குகள் எல்லாம் காலியாகும். சர்வரையே ரீஸ்டார்ட் செய்தாலும் ஆகும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன். 38 ஜிபி திரும்பிவிடும், ஆனால் அது ஏன் போனது என்ற சாட்சியும் கூடவே போய்விடும். மூன்று வாரம் கழித்து இதே போன் இதே நேரத்துக்கு வரும். மின்சாரம் போய்ச் சர்வர் தானாக அணைந்தாலும் இடம் இப்படியே திரும்பிவிடும். பெயரற்றுத் திறந்திருக்கும் ஐனோடுகளை ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, அநாதைப் பட்டியல் என்ற பெயரிலேயே, டிஸ்க்கில் ஒரு சங்கிலியாகக் குறித்து வைத்திருக்கும். அடுத்த முறை எழும்போது அந்தச் சங்கிலியைப் பிடித்து ஒவ்வொன்றாக விடுவிக்கும்.

அந்த ஜாவா புரோகிராமை இரவில் நிறுத்த முடியாத நிலை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இந்தச் சர்வரில் ஓடும், யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் ப்ராக் என்று ஓர் அடைவு உண்டு. அது டிஸ்க்கில் இல்லை. நாம் பார்க்கும் நொடியில் கெர்னல் எழுதிக் காட்டுவது. ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதன் எண்ணில் ஓர் அறை, அதற்குள் எஃப்டி என்ற மாடத்தில் அது திறந்து வைத்திருக்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும். பெயர் போன கோப்புக்கும் அங்கே ஒரு வாசல் உண்டு. அந்த வாசல் வழியாகப் போய்க் கோப்பின் நீளத்தைச் சுழியமாக வெட்டிவிட்டேன். மறுபடி டிஎஃப் கொடுத்தபோது செலவு 93இலிருந்து 55க்கு இறங்கியிருந்தது. டேட்டாபேஸ் மூச்சுவிட்டது.

இப்படி வெட்டும்போது ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். புரோகிராம் அந்தக் கோப்பைக் கடைசியில் சேர்ப்பதற்கென்று திறந்திருந்தால் அடுத்த எழுத்து புதிய தொடக்கத்தில் விழும். அப்படித் திறக்காமல் தன் இடத்தைத் தானே நினைவில் வைத்து எழுதும் புரோகிராம் என்றால், அது பழைய 38ஆவது ஜிபியிலேயே அடுத்த வரியை எழுதும். அப்போது கோப்பின் நீளம் மீண்டும் 38 ஜிபி என்றே தெரியும். பயப்பட வேண்டாம். நடுவில் இருப்பது வெறும் பள்ளம். அதற்கு பிளாக் எதுவும் ஒதுக்கப்படவில்லை. நீளம் வேறு, பிடித்திருக்கும் இடம் வேறு. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டுவது நீளம், டியூ காட்டுவது இடம். இத்தகைய துளைவிழுந்த கோப்புகள் லினக்ஸில் சகஜம். மெய்நிகர் இயந்திரங்களின் டிஸ்க் கோப்புகள் பலவும் இவ்வகைதான்.

52இல் 38 கிடைத்துவிட்டது. மீதி 14 ஜிபி?

டிஎஃப் 55 என்றது, டியூ 41இலேயே நின்றது. எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் இனி ஒன்றுமில்லை. பெயரில்லாத வீடுகள் தீர்ந்துவிட்டன என்றால், அடுத்தது வழி மூடிய வீடுகள். லினக்ஸில் இன்னொரு டிஸ்க்கை இணைக்கும்போது அதற்கென்று தனி எழுத்து கிடைப்பதில்லை. இருக்கும் மரத்தில் ஓர் அடைவின் மேல் அதைப் பொருத்துகிறோம், மௌண்ட் செய்கிறோம். பொருத்தும் அடைவு காலியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதற்குள் ஏற்கெனவே கோப்புகள் இருந்தால், தரையில் கிடக்கும் காசின் மேல் பாய் விரித்த மாதிரி, அவை மறைந்துவிடும். காசு அங்கேயேதான் இருக்கிறது. பாயைச் சுருட்டும்வரை யாருக்கும் தெரியாது. டியூ பாயின் மேல் நடந்துவிட்டுப் போய்விடும்.

இந்தச் சர்வரில் பேக்கப் எடுக்க ஒரு தனி டிஸ்க் இருந்தது. தினமும் விடிகாலை ஒரு ஸ்கிரிப்ட் அதன் அடைவுக்குள் பிரதி எடுத்து வைக்கும். என்றோ ஒருநாள் அந்த டிஸ்க் பொருந்தாமல் போயிருக்கிறது. ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. அடைவின் பெயர் இருந்தது, எழுதியது. எழுதியது முழுக்க முதன்மை டிஸ்க்கில் விழுந்தது. பிறகு யாரோ பேக்கப் டிஸ்க்கைச் சரியாகப் பொருத்தினார்கள். பாய் விரிந்தது.

இதைப் பார்க்க ஓர் அழகான உத்தி உண்டு. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றவே வேண்டாம். உச்சி அடைவையே இன்னோர் இடத்தில் பைண்ட் மௌண்ட் என்ற முறையில் மறுபடி பொருத்தினால், அந்தப் புதிய இடத்தில் முதன்மை டிஸ்க் மட்டும், மேலே விரித்த பாய்கள் எதுவும் இல்லாமல், தரையோடு தெரியும். செய்தேன். பேக்கப் அடைவுக்குள் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியிட்ட ஒரே ஒரு பிரதி உட்கார்ந்திருந்தது. 14 ஜிபி. புதிய பிரதிகள் பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு அதை நீக்கினேன். டிஎஃப், டியூ இரண்டும் 41 என்றன. கணக்கு ஒத்துப்போகும் அந்த நொடியில் ஒரு நிறைவு இருக்கிறது. பேரேட்டின் இரு பக்கமும் சமமாகும்போது பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இருந்திருக்கும் நிறைவு. மறுநாள் அந்த ஸ்கிரிப்டின் முதல் வரியாக, டிஸ்க் பொருந்தியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று சேர்த்தோம்.

முன்பு விட்டுவைத்த கேள்விக்கு வருகிறேன். 98இல் 93 செலவானதும் ஏன் முழுதும் நிரம்பிவிட்டதாகச் சொன்னது? ஈஎக்ஸ்டி வகைக் கோப்பு முறைமைகள், நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, நூற்றுக்கு ஐந்து பங்கை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கின்றன. இந்தச் சர்வரில் இருந்தது 100 ஜிபி பகிர்வு, அதில் 5 ஜிபி. இது விதைநெல். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்றால் விதைநெல்லைக் குத்தித் தின்பதில்லை. சாதாரணப் புரோகிராம்கள் எல்லாம் முட்டி நிற்கும்போதும் ரூட் உள்ளே நுழைந்து லாக் எழுதி, சீர்செய்து, வெளியே வர முடிவது அந்த ஐந்தால்தான். அன்றிரவு என்னால் வேலை செய்ய முடிந்ததே அதனால்.

இந்தப் பழக்கத்தின் வேர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மார்ஷல் கிர்க் மெக்யூசிக்கும் உடனிருந்தவர்களும் 1984இல் வெளியிட்ட வேகக் கோப்பு முறைமை பற்றிய கட்டுரையில் பத்து விழுக்காட்டை இப்படி ஒதுக்கியிருந்தார்கள். அவர்களுக்கு முதன்மைக் காரணம் வேகம். காலி இடம் தீர்ந்துபோனால் ஒரே கோப்பின் பிளாக்குகளை அருகருகே வைக்க இடம் கிடைக்காது, சிதறும். காலி பிளாக் எண்ணிக்கை சுழியத்தை நெருங்கினால் வேகம் பாதியாகிறது என்று அவர்கள் எழுதினார்கள். இன்று 4 டெராபைட் டிஸ்க்கில் அதே ஐந்து பங்கு 200 ஜிபி ஆகிவிடுகிறது. படங்களும் வீடியோவும் மட்டும் போட்டு வைக்கும் டிஸ்க் என்றால் அதை ஒரு விழுக்காடாகக் குறைக்கலாம். டியூன்2எஃப்எஸ் கட்டளை அதற்குத்தான். கணினி எழுவதற்கான டிஸ்க்கில் நான் தொட மாட்டேன்.

சரி, 100 ஜிபி பகிர்வு ஏன் 98 என்றே தொடங்கியது? ஈஎக்ஸ்டி4 உருவாகும்போதே ஐனோடுகளுக்கான இடத்தைக் கட்டிவைத்துவிடுகிறது. 16,384 பைட்டுக்கு ஒரு ஐனோடு என்ற கணக்கில், ஒவ்வொன்றும் 256 பைட். அதாவது 64இல் ஒரு பங்கு. 100 ஜிபிக்கு 65 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐனோடுகள், ஒன்றரை ஜிபிக்குச் சற்று அதிகம். கடையில் வாங்கிய 1 டெராபைட் டிஸ்க்குக்கு இதே கணக்கைப் போட்டால் முழுக் கதையும் விளங்கும். தயாரிப்பவர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், கட்டளை 1024இன் மடங்கில் எண்ணுகிறது; அதிலேயே 931 ஆகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024இன் மடங்குகளுக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்களே வைத்தது. ஜிபிபைட் என்று யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஐனோடு அட்டவணை போக 916, விதைநெல் போகக் கையில் கிடைப்பது 870. யாரும் திருடவில்லை.

அந்த ஐனோடுகள் தீர்ந்துபோவதும் உண்டு. அதுதான் தேடுபவரை அதிகம் அலையவைக்கும் வகை. டிஎஃப் பாதி காலி என்கிறது, டியூவும் ஆமாம் என்கிறது, ஆனாலும் ஒரு புதுக் கோப்பு உருவாகாது. பத்திரம் எழுத நிலம் இருக்கிறது, முத்திரைத்தாள் தீர்ந்துவிட்டது. இடம் இல்லாமல் போனாலும் ஐனோடு இல்லாமல் போனாலும் கெர்னல் திருப்பித் தருவது ஒரே பிழை எண் 28தான் என்பதால் செய்தியைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. டிஎஃப்பிடம் ஐனோடு கணக்கைக் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி, பல லட்சம் குட்டிக் கோப்புகளை ஒரே அடைவில் கொட்டிய ஏதோ ஒன்று: காலாவதியான இணைய அமர்வுகள், போக முடியாமல் தேங்கிய மின்னஞ்சல்கள். ஒரே ஒரு பைட் கொண்ட கோப்பும் ஒரு முழு பிளாக்கை, 4096 பைட்டை, பிடித்துக்கொள்ளும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த லட்சக்கணக்கான கோப்புகளை அழித்தபிறகும் ஒன்று மிஞ்சும். பட்டியல் எழுதிய அடைவு, ஈஎக்ஸ்டி4இல் பொதுவாகத் தன் பருமனைக் குறைத்துக்கொள்வதில்லை. காலி வரிகளோடு அப்படியே கிடக்கும். பூமியில் இது சிறு விரயம். செவ்வாயில் ஒருமுறை உயிர்ப் பிரச்சினை ஆனது. 2004 ஜனவரியில் அங்கே இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி திடீரென்று பேச்சை நிறுத்தி, மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. அதில் ஓடியது லினக்ஸ் அல்ல, விஎக்ஸ்வொர்க்ஸ். கோப்பு முறைமை பழைய டாஸ் வகை. ஆனால் நோய் நமக்குத் தெரிந்ததுதான். அழித்த கோப்புகளின் வரிகளும் அடைவில் இடத்தைப் பிடித்தபடி இருந்தன, அடைவின் பிரதி முழுவதும் ரேமில் ஏற்ற வேண்டியிருந்தது, ரேம் போதவில்லை. எழுவதும் அடைவை ஏற்ற முயல்வதும் விழுவதுமாக இருந்தது ஊர்தி. கோப்புகள் இருந்த ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே எழுந்திரு என்று பல கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து கட்டளை அனுப்பி, பிறகு தேவையற்ற கோப்புகளை நீக்கி, ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துப் பொறியாளர்கள் அதை மீட்டார்கள்.

பிடிஆர்எஃப்எஸ் போன்ற புதிய கோப்பு முறைமைகளில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்தக் கணத்தின் கோப்புகள் எல்லாம் பிளாக்குகளைப் பகிர்ந்தபடி இன்னொரு மரமாக நிற்கும். இங்கே ஒரு பெரிய கோப்பை அழித்தாலும் பழைய ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பைட்டும் திரும்பாது. டியூ இந்தப் பகிர்தலை அறியாமல் இரு மரங்களையும் தனித்தனியாகக் கூட்டி, டிஸ்க்கைவிடப் பெரிய எண்ணைக்கூடச் சொல்லும். அங்கே அந்தக் கோப்பு முறைமையின் சொந்தக் கட்டளையிடம்தான் கேட்க வேண்டும். பெயர் மாறினாலும் கேள்வி பழையதுதான்: இதை இன்னும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

அந்தப் பிடி நமக்கு உதவிய ஒரு நாளும் உண்டு. அதே அலுவலகத்தில் நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் ஒரு பெண் இருக்கிறார். ஒரு மதியம் முகம் வெளிறிப்போய் வந்தார்.

"சார், ரெண்டு மணி நேர ரெக்கார்டிங். தப்பான ஃபோல்டர்னு நினைச்சு மொத்தமா டெலீட் பண்ணிட்டேன். வேற காப்பி இல்லை."

"இப்போ கேட்டுட்டிருந்தீங்களா?"

"பாதி கேட்டு பாஸ் பண்ணி வச்சிருந்தேன்."

"பிளேயரை மூடிடாதீங்கம்மா. எதையும் தொடாதீங்க."

அவர் கணினிக்குப் போய், பிளேயரின் எண்ணைக் கண்டுபிடித்து, ப்ராக் அடைவில் அதன் அறைக்குள் எஃப்டி மாடத்தைத் திறந்தேன். இருபத்துச் சொச்சம் வரிகள். அவற்றில் ஒன்றின் கடைசியில் அந்தக் குறிப்பு: அழிக்கப்பட்டது. அந்த வாசல் வழியே கோப்பை வேறோர் அடைவுக்குப் பிரதி எடுத்தேன். புதுப் பெயர், புது ஐனோடு, அதே இரண்டு மணி நேரம். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பிரதியைத் தொடக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் கேட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்போ மூடலாமா சார்?" என்று கேட்டார். தலையசைத்தேன். பழைய பிளேயர் மூடியது. பெயரில்லாமல் காத்திருந்த கோப்பு அப்போதுதான் தன் பிளாக்குகளை விட்டது.